கொட்டியாரக்குடாவில் நண்டு வலையில் வந்த சிறிய விசிறிச் சிப்பி: இது என்ன இனம்?

கொட்டியாரக்கரை:
வணக்கம். மூதூர்க் கரையில நண்டு வலை தட்டுற இடத்தில, நண்டைக் கழற்றின பிறகு ஒதுக்கிப்போட்ட குப்பைக்குள்ள கிடந்த விசிறிச் சிப்பிகள் இவை. சிலது இரண்டு ஓடும் சேர்ந்தபடி, மிச்சம் தனி ஓடு. எங்கட பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில திருகோணமலைச் சிப்பிகளுக்கு என்று ஒரு பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறன். அதில ஒட்டுற பெயர்ச்சீட்டைத்தான் பிள்ளைகள் வருசக்கணக்காப் பார்த்துப் படிக்கப்போகுதுகள். "ஸ்கலொப்" என்று மட்டும் எழுதி ஒட்ட எனக்கு மனம் வரேல்லை.

பெரியது கீலில இருந்து கீழ் விளிம்பு வரை 31 மி.மீ. சிறியது 12 மி.மீ. நிறம்தான் குழப்புது: ஒன்று கடும் பழுப்பில வெள்ளைத் துளி, ஒன்று கத்தரிப்பூ நிறம், ஒன்று பால்நிறத்தில மெல்லிய இளஞ்சிவப்பு வரி. மூன்று இனமா, ஒரே இனமா? வளர்ந்ததா, குஞ்சா? படம் இணைச்சிருக்கிறன். தெரிந்தவர்கள் காரணத்தோட சொல்லுங்கோ.

நிலாவெளியான்:
தம்பலகாமத்து முத்துச்சிப்பியின் குஞ்சாக இருக்குமோ?

ஊரிப்பெட்டி:
அது இல்லை தம்பி. தம்பலகாமத்துச் சிப்பி பிளக்கூனா ப்ளசென்டா. தட்டையானது, வெளிச்சம் ஊடுருவும், உள்ளே கீலுக்குக் கீழ் இரண்டு வரம்பு கவிழ்த்த 'வி' மாதிரி விரியும். அந்தச் சிப்பிக்காகவே 19ஆம் நூற்றாண்டில் கெலார்ட் என்ற இயற்கையியலாளரும் பிறகு ஹோர்னலும் தம்பலகாமக் கடலேரியை ஆராய்ந்தார்கள். டீச்சரின் படத்தில் இருப்பவை புடைத்த ஓடுகள், கீலில் இருந்து விளிம்புக்கு விசிறிபோல் விரியும் வரம்பு, அதாவது விலா, ஓடுகிறது, கீலின் இரண்டு பக்கமும் காது இருக்கிறது. விசிறிச் சிப்பிக் குடும்பம்தான்.

பழுப்பு நிறத்தது மிமாகிளமிஸ் சங்குவினியா என்பது என் கணிப்பு. பழைய நூல்களில் செனட்டோரியா என்று வரும். கத்தரிப்பூ நிறத்தது வேறொன்று. பால்நிறத்தது குஞ்சு. நான் நீண்டகாலமாக உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் சேர்க்கிறவன். மிமாகிளமிஸ் எங்களுக்குப் புதிதில்லை.

நுண்வில்லை:
ஐயா, நிறத்தை வைத்து மூன்றாகப் பிரிப்பதை இப்போதைக்கு நிறுத்தி வைப்போம். இந்தக் குடும்பத்தில் நிறம் மிக மோசமான சாட்சி. சீனக் கரையோரத்தில் பெருமளவில் வளர்க்கப்படும் மிமாகிளமிஸ் இனத்தையே எடுங்கள்: செம்மஞ்சள், பழுப்பு, ஊதா எல்லாம் ஒரே இனத்துக்குள் வருகின்றன. நிறம் மரபுவழி கடத்தப்படுவதைக் காட்டி, பொன்னிறக் கால்வழிகளையே தெரிந்தெடுத்து வளர்க்கிறார்கள். 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் நிறத்துக்கு ஒரு பெயர் வைத்ததன் சுமையைத்தான் இன்றைய வகைப்பாட்டாளர்கள் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

டீச்சர், இன்னும் சில படங்கள் வேண்டும். முதலில் வலது ஓடு எது என்று பிரியுங்கள். இரண்டு ஓட்டில் ஒன்றுக்கு மட்டும் முன்காதுக்குக் கீழே ஒரு வெட்டு இருக்கும். உயிர் நூல் விட்டு ஒட்டிக்கொள்கிற வாசல் அது. அந்த வெட்டு உள்ள ஓடு வலது. அந்த வெட்டின் ஓரத்தைக் கைவில்லையால் பாருங்கள், சீப்புப் பல் மாதிரி நிரை தெரிகிறதா? பிறகு இரண்டு காதையும் அளந்து விகிதம் சொல்லுங்கள். இரண்டு ஓடும் சேர்ந்த ஒன்றைப் பக்கவாட்டில் படம் எடுங்கள். எந்த ஓடு கூடப் புடைத்திருக்கிறது என்று அதில்தான் தெரியும். விலாக்களுக்கு நேரே மேலிருந்து வெளிச்சம் அடிக்காமல், மேசை விளக்கைத் தாழ்த்தி ஓரத்தால் அடியுங்கள். செதில் இருந்தால் நிழல் விழும்.

தயவுசெய்து குளோரினில் ஊறப்போடாதீர்கள். மென்தூரிகையும் நல்ல தண்ணீரும் போதும்.

மூதூர்வலை:
ஸலாம் டீச்சர். இது எங்கட பக்கத்து வலையில வாறதுதான். இடத்தச் சொல்றன், உங்களுக்கு உதவும். மகாவலி வந்து விழுற வாய்க்கு வெளியால, நாலஞ்சு பாகம் ஆழம். கல்லு, பார் ஒண்டும் இல்ல. சேறு கலந்த மணல், நங்கூரம் தூக்கினா கறுப்பா ஒட்டிக்கிட்டு வரும். வாடைக்கு ஆத்துத் தண்ணி இறங்கினா மேல் தண்ணி கலங்கி மண்நிறமாகிடும். அப்பவும் இது வரும்.

வாப்பா சொல்றது என்னண்டா, பார்ப் பக்கம் வலை போட்டா வாற செதில் புடிச்ச சிப்பி வேற, இது வேற. அது கல்லோட, செத்த பவளத்தோட ஒட்டிக்கிட்டு வரும், நூலை அறுத்துத்தான் எடுக்கணும். இது எதோடயும் ஒட்டி வாறதில்ல. உயிரோட வந்தா வள்ளத்துப் பலகையில கிடந்து படக் படக்கெண்டு ஓட்டை அடிக்கும், அடிச்சபடியே ஒரு சாண் நகரும்.

நுண்வில்லை:
மூதூர்வலை, நீங்கள் எழுதியதற்கு மிக்க நன்றி. ஒட்டாமல் வருகிறது, சேற்று மணல், ஆற்று வாய். இந்த மூன்றும் எந்தப் படத்திலும் கிடைக்காத தகவல். வாப்பாவுக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள்.

கொட்டியாரக்கரை:
பார்த்த அளவில எழுதுறன்.

வலது ஓட்டில வெட்டு இருக்கு, ஆனால் ஆழம் இல்லை. 31 மி.மீ. ஓட்டில நகக்கண் நுனி கூட நுழையாது. சீப்புப் பல் அதில இரண்டுதான் தெரியுது, அதுவும் பாதி மூடுப்பட்டு. ஆனால் 12 மி.மீ. சிறிசில வெட்டு தெளிவா இருக்கு, பல் நாலும் கூர்மையா நிற்குது. பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியை ஆகக் குறைந்த பெருக்கத்தில வைத்துப் பார்த்ததில நல்லாவே தெரிஞ்சுது. மாணவி ஒருத்தி பார்த்துப்போட்டு "மிஸ், இதுக்கும் பல் இருக்கு" என்று கத்தினாள்.

காதுகள் கிட்டத்தட்ட ஒரே அளவு, முன்காது மட்டும் மயிரிழை நீளம். பக்கத்தில இருந்து பார்த்தால் இரண்டு ஓடும் நல்லாப் புடைச்சிருக்கு, இடது ஓடு ஒரு துளி கூட. விலா 21, இன்னொன்றில 22. விலாவின் முதுகு உருண்டை, வழவழப்பு. விளக்கைத் தாழ்த்தி அடிச்சும் செதில் நிழல் விழவில்லை. விலாக்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தில மட்டும் மிக மெல்லிய குறுக்குக் கோடுகள் நெருக்கமா ஓடுது. காதுக்கு மேல சின்னச் சின்ன ஆரக்கோடு இருக்கு. உட்புறம் வெள்ளை, கீலுக்குக் கிட்ட பழுப்புக் கறை.

மூன்று நிறத்துக்கும் இவ்வளவும் ஒரே மாதிரித்தான்.

நுண்வில்லை:
அருமையான விவரிப்பு. இனி ஒவ்வொன்றாகக் கழிப்போம்.

முதலில் குடும்பம். சீப்புப் பல் நிரைக்கு டீனோலியம் என்று பெயர். 1984இல் தாமஸ் வாலர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, பெக்டினிடே குடும்பத்தை மற்றவற்றிலிருந்து பிரிக்கும் முதன்மை அடையாளம் இதுதான். வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் அந்தப் பல் இருக்க வேண்டும். முதிர்ந்த பிறகு மூடிப்போகலாம். ஆகவே பெரிய ஓட்டில் மட்டும் பார்த்துவிட்டு "இல்லை" என்று முடிவெடுக்கக் கூடாது. டீச்சர் சிறியதையும் பார்த்தது மிகச் சரியான வேலை. பல்லின் பயன் என்ன என்று பிள்ளைகள் கேட்டால்: நூல்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பிடித்து, அலை இழுக்கும்போது ஓடு முறுக்கிக்கொள்ளாமல் வைத்திருக்கிறது. முள்ளுச் சிப்பியான ஸ்பொண்டைலசுக்கு இது கிடையாது. அது வலது ஓட்டையே பாறையில் சீமெந்து பூசின மாதிரி ஒட்டிவிடும்.

குடும்பம் உறுதி. இனிப் பேரினம்.

எங்கள் பக்கத்துக் கடலில் எதிர்பார்க்கக்கூடிய சிறிய, நடுத்தர விசிறிச் சிப்பிகளில், அமூசியம் ப்ளூரோநெக்டஸ் முதலிலேயே கழியும். அதன் வெளிப்புறம் கண்ணாடிபோல் வழவழப்பு, விலா உள்ளே மட்டும்தான். டெக்கடோபெக்டன் ப்ளைக்காவுக்குத் தடித்த ஓட்டில் ஒரு சில பெரிய மடிப்புகள்தான், 21 விலா வராது. க்ளோரிபாலியம் பாலியத்துக்கு 13 முதல் 15 வரை அகன்ற விலா, ஒவ்வொன்றின் மேலும் செதில் நிரை. லெவிகிளமிஸ் இனங்கள் ஒடுங்கி உயர்ந்தவை, காது இரண்டும் பெரிதும் சமனில்லை, பவளக் கல்லின் அடியில் நூல் விட்டு வாழ்பவை. விலாவெல்லாம் செதில்.

மிஞ்சுவது ஐயா சொன்ன மிமாகிளமிசும், வொலாகிளமிசும். விலா எண்ணிக்கை இரண்டுக்கும் பொருந்துவதால் குழப்பம் இயல்பு. ஆனால் மிமாகிளமிசுக்கு முன்காது பின்காதை விடத் தெளிவாகப் பெரிது, வெட்டு ஆழம், பல் வலு, விலாவில் செதில். டீச்சரின் ஓடு இந்த நாலிலும் எதிர்ப்பக்கம் நிற்கிறது. சமமான காது, ஆழமற்ற வெட்டு, வழவழப்பான உருண்ட விலா, புடைத்த இரண்டு ஓடு, ஆற்று வாய்ச் சேற்று மணல்: இவை சேர்ந்து காட்டுவது வொலாகிளமிஸ் ட்ராங்கபாரியாவை.

ஊரிப்பெட்டி:
உங்கள் வாதம் ஒழுங்காக வருகிறது, ஆனால் இரண்டு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. வலையில் உருண்டு வந்த ஓட்டில் செதில் தேய்ந்து போவது சாதாரணம். என் பெட்டியில் உள்ள மிமாகிளமிசில் பாதிக்கு மேல் செதில் இல்லை. அடுத்தது, மிமாகிளமிஸ் இதை விட இரண்டு மடங்கு வளரும். 31 மி.மீ. என்பது அதன் குஞ்சாகவும் இருக்கலாமே. குஞ்சில் காது விகிதம் மாறாதா?

நுண்வில்லை:
ஐயா, இரண்டும் கேட்கவேண்டிய கேள்விகள்தான்.

செதில் தேய்ந்தால் அடிக்கட்டை மிஞ்சும். விலா முதுகில் ஒழுங்கான இடைவெளியில் சிறு திட்டுகள் தெரியும், விளிம்போரத்திலும் காது மடிப்பிலும் ஒன்றிரண்டாவது தப்பிப் பிழைத்திருக்கும். டீச்சரின் ஓட்டில் விலாக்களுக்கு இடையிலுள்ள மெல்லிய குறுக்குக் கோடே அழியாமல் இருக்கிறது. அவ்வளவு நுண்ணிய வேலைப்பாடு தப்பிய ஓட்டில் செதில் மட்டும் தடமில்லாமல் மறைந்தது என்று கொள்வது கடினம்.

குஞ்சு என்ற வாதத்துக்கு வெட்டே மறுமொழி சொல்கிறது. விசிறிச் சிப்பிகள் பெரும்பாலும் குஞ்சாக இருக்கும்போது நூல் விட்டு ஒட்டி வாழ்பவை. வளர்ந்த பிறகு சில இனங்கள் அறுத்துக்கொண்டு தரையில் சுதந்திரமாகக் கிடக்கும். ஆகவே வெட்டு சிறுவயதில் தெளிவாகவும், வளர வளர ஆழம் குறைந்தும் வந்தால், இது ஒட்டுவதைக் கைவிட்ட இனம். மிமாகிளமிஸ் முதிர்ந்த பிறகும் ஒட்டி வாழ்வது, அதன் வெட்டு கடைசி வரை ஆழமாகவே இருக்கும். 12 மி.மீ. ஓட்டில் நாலு கூர்ப் பல், 31 மி.மீ. ஓட்டில் பாதி மூடிய இரண்டு பல். இந்த வளர்ச்சிப் போக்கு மிமாகிளமிசுக்கு உரியதல்ல. மூதூர்வலையின் வாப்பா சொன்னதும் இதையேதான்: அது கல்லோடு வரும், இது தனியே வரும்.

வயதுக்கு இன்னொரு சான்றும் பார்க்கலாம். டீச்சர், பெரிய ஓட்டின் கீழ் விளிம்பில் வளர்ச்சிக் கோடுகள் எப்படி?

கொட்டியாரக்கரை:
கடைசி மூன்று மி.மீ. அளவில கோடுகள் ஒன்றோட ஒன்று ஒட்டினபடி நெருங்கி இருக்கு. விளிம்பும் அதில தடிப்பு, நகத்தால தொட்டால் படி மாதிரி தட்டுப்படுது. 12 மி.மீ. சிறிசில விளிம்பு தாள் மாதிரி மெல்லிசு, கோடு அகல அகலமா.

நுண்வில்லை:
அப்படியென்றால் பெரியது வளர்ச்சி தளர்ந்த முதிர்ந்த ஓடு. குஞ்சு விளிம்பில் கோடு நெருங்காது.

ஊரிப்பெட்டி:
வெட்டு விசயத்தை ஏற்கிறேன். உப்புவெளிக் கரைவலை மடியில் கிடைத்த மிமாகிளமிசை எடுத்து இப்போது பார்த்தேன், 28 மி.மீ. தான், வெட்டில் ஐந்து பல் எண்ணக்கூடியதாக இருக்கிறது, முன்காது பின்காதின் ஒன்றரை மடங்கு. டீச்சரின் ஓட்டோடு பக்கத்தில் வைத்தால் சின்னப் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியும். இரண்டையும் பெட்டியில் அடுத்தடுத்து வையுங்கள் டீச்சர், என்னிடமிருந்து ஒரு சோடி அனுப்புகிறேன்.

தரங்கைநெய்தல்:
இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் தரங்கம்பாடிக்காரன். எங்கள் ஊரின் பெயரைத் தாங்கி நிற்கிற சிப்பி இது. டென்மார்க்காரர் 1620 முதல் 1845 வரை இங்கே இருந்தார்கள். மிஷனரிகள் கரையில் பொறுக்கிய சிப்பிகள் கோபன்ஹேகனுக்குப் போயின. அங்கே கெம்னிட்ஸ் என்ற பாதிரியார் அவற்றைப் படம் போட்டு விவரித்தார். அவர் இரட்டைப் பெயர் முறையைப் பின்பற்றாதவர், அதனால் அவர் வைத்த பெயர்கள் செல்லுபடியாகாது. அந்தப் படங்களை நம்பி லின்னேயஸின் நூலைப் புதுப்பித்த க்மெலின் 1791இல் பல சிப்பிகளுக்கு முறையான பெயர் கொடுத்தார். ட்ராங்கபாரியாவும் அந்த 1791 நூலில் வந்த பெயர்தான்.

எங்கள் பக்கம் இழுவை வலைக் கழிவில் கிடைத்த ஓடுகள் என்னிடம் இருக்கின்றன. இப்போதுதான் எடுத்து வைத்துப் பார்த்தேன். வழவழப்பான விலா, சமமான காது, ஆழமில்லாத வெட்டு, பழுப்பு, ஊதா, வெளிர் என்று நிறம் நிறமாக. மூதூர் டீச்சர் எழுதியதை என் ஓட்டை வைத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபார்க்கலாம். பெயர் பிறந்த ஊரின் ஓடு என்பதால் ஒப்பிட உதவும். படங்களைக் கீழே இணைத்துள்ளேன்.

உயிரியல்_மாணவன்:
ஒரு சந்தேகம் அக்கா, அண்ணா. சில இடத்தில் க்மெலின், 1791 என்பது அடைப்புக்குறிக்குள் இருக்கிறது, சில பெயர்களுக்கு இல்லை. அச்சுப் பிழையா?

நுண்வில்லை:
பிழை இல்லை தம்பி. க்மெலின் இதை வைத்தபோது ஒஸ்ட்ரியா பேரினத்தில் வைத்தார், அதாவது ஒயிஸ்டரோடு. லின்னேயஸ் காலத்தில் விசிறிச் சிப்பியெல்லாம் அந்தப் பேரினத்துக்குள்தான். 1776இல் முல்லர் பெக்டனைப் பிரித்தார், 1798இல் ரோடிங் கிளமிசைப் பிரித்தார், 1939இல் ஐயர்டேல் வொலாகிளமிஸ் என்ற பேரினத்தை அமைத்தார். இனப்பெயர் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டால், முதலில் விவரித்தவரின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் போகும். அடைப்புக்குறியைப் பார்த்தாலே "இது இடம் மாறி வந்த பெயர்" என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்த இடமாற்றம் இன்னும் முடியவில்லை. அமூசியத்தைப் பாருங்கள். வழவழப்பான, வட்டமான, நீரில் நீண்டதூரம் வழுக்கிச் செல்லும் ஓடுகளை எல்லாம் ஒரே பேரினத்தில் போட்டிருந்தார்கள். மரபணுவை ஒப்பிட்டபோது அந்த வடிவம் வெவ்வேறு கால்வழிகளில் தனித்தனியே தோன்றியது தெரியவந்தது. 2014இல் அவுஸ்திரேலியப் பக்கத்து இனத்தைப் பிரித்து இலிஸ்ட்ரம் என்று புதுப் பேரினம் அமைத்தார்கள். ஒரே மாதிரி வாழ்க்கை ஒரே மாதிரி ஓட்டைச் செதுக்கிவிடும். அதனால்தான் ஓட்டின் மொத்த உருவத்தை விட டீனோலியம், நுண்கோடு போன்ற சிறிய உறுப்புகளை நாங்கள் கூட நம்புகிறோம்.

உயிரியல்_மாணவன்:
அப்படியானால் இதற்கும் மரபணு பார்க்க வேண்டாமா?

நுண்வில்லை:
பார்த்தால் நல்லது. இதே பேரினத்தில் சிங்கப்பூர்ப் பெயரோடு 1842இல் சோவர்பி விவரித்த இன்னொரு இனம் இருக்கிறது. வங்காள விரிகுடாவின் இரண்டு கரை ஓடுகளையும் அதோடு ஒப்பிட்டால் எல்லைகள் துலங்கும். மூதூர்வலை, உயிருள்ளது கிடைத்தால் போமலினில் போடாதீர்கள். அது மரபணுவைக் கெடுக்கும், புளித்துப்போனால் ஓட்டையும் அரிக்கும். 95 சதவீத எதனோலில், மூடுதசையின் சிறு துண்டு போதும். முடிந்தால் எதனோலில் இடுவதற்கு முன் கடல்நீரில் வைத்து மேலுறை விளிம்பைப் படம் எடுங்கள். விளிம்பு நெடுகக் கண்கள் நிரையாக இருக்கும். ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் குவானின் படிகங்களால் ஆன குழிவான ஆடிதான் வெளிச்சத்தைக் குவிக்கிறது, எங்களுக்கு வில்லை செய்வதுபோல. பிள்ளைகள் அதை உயிரோடு பார்க்கவேண்டும் என்பது என் ஆசை.

சல்லிமுனை:
புறாமலைப் பக்கம் கரையில இதை விட வடிவான விசிறிச் சிப்பி நிறையக் கிடக்கு. பெட்டிக்கு வேணுமெண்டா எடுத்து வாறன்.

மட்டுறுத்துநர்:
வேண்டாம். புறாமலை 1963 முதல் சரணாலயம், 2003 முதல் தேசியப் பூங்கா. வெற்று ஓடானாலும் அங்கிருந்து எடுக்கக் கூடாது. படம் எடுத்து இங்கே இடுங்கள், இனம் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். வெற்று ஓட்டுக்குள் துறவி நண்டும் சிறு மீன் முட்டையும் இருப்பதை நானே கண்டிருக்கிறேன். இந்தக் களத்தில் புறாமலைச் சிப்பிகளைக் கேட்பதோ கொடுப்பதோ அனுமதி இல்லை.

ஊரிப்பெட்டி:
பெட்டி பற்றி ஒரு வார்த்தை. டீச்சர், மரப்பெட்டிக்குள்ளும் மட்டைப் பெட்டிக்குள்ளும் சிப்பியை அடைத்து வைக்காதீர்கள். மரத்திலிருந்தும் மட்டையிலிருந்தும் கசியும் அமில ஆவி எங்கள் ஊர் ஈரக்காற்றோடு சேர்ந்து ஓட்டின் மேல் வெள்ளைத் தூளாகப் பூக்கும். பைன் நோய் என்பார்கள், பெயர் நோய் என்றாலும் அது வெறும் இரசாயன அரிப்பு. முதலில் அழிவது விலாவின் நுண்கோடுதான், அதாவது நீங்கள் இனம் காணப் பயன்படுத்திய அதே அடையாளம். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவே நல்லது. உப்பு முழுவதும் போக நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்திய பிறகு வையுங்கள்.

பெயர்ச்சீட்டை ஓட்டில் ஒட்ட வேண்டாம். இலக்கம் மட்டும் உட்புறத்தில் சிறிதாக எழுதி, சீட்டைக் கூடவே போடுங்கள். இடம் எழுதாத சிப்பி எவ்வளவு வடிவானாலும் ஆய்வுக்கு உதவாது.

கொட்டியாரக்கரை:
எல்லாருக்கும் நன்றி. தரங்கம்பாடிப் படங்களோட ஒப்பிட்டுப் பார்த்தன், விலாவும் காதும் வெட்டும் அப்படியே பொருந்துது. சீட்டில இப்படி எழுதப்போறன்:

"வொலாகிளமிஸ் ட்ராங்கபாரியா (க்மெலின், 1791). பெக்டினிடே. கொட்டியாரக்குடா, மூதூர்க் கரைக்கு வெளியே, மகாவலி வாயருகே. சேற்று மணல், நாலைந்து பாகம். நண்டு வலை. நிற வேறுபாடு மூன்று, இனம் ஒன்று. ஓட்டின் உருவத்தை வைத்து இனம் காணப்பட்டது, மரபணு பார்க்கப்படவில்லை."

சேர்த்த திகதியும் வலைக்காரரின் பெயரும் அவர் சம்மதத்தோட பின்பக்கத்தில இருக்கும். பெயர் மாறினால் பழைய சீட்டை எறியாமல் அதுக்கு மேல புதுச் சீட்டு வைப்பன். 12 மி.மீ. சிறிசைத் தனி டப்பாவில, கைவில்லையும் பக்கத்தில வைச்சு, பிள்ளைகள் தாங்களே பல்லைப் பார்க்கிற மாதிரி அடுக்கப்போறன்.

குப்பைக்குள்ள இருந்து எடுத்ததில ஒரு வலது ஓடு மட்டும் மிஞ்சியிருக்கு. விலா 23, செதில் இருக்கு, வெட்டு ஆழம், பல் ஆறு. காது ஒன்று உடைஞ்சதால விகிதம் அளக்க முடியேல்லை. அதை "மிமாகிளமிஸ்" என்று பேரினத்தோட நிறுத்தி வைக்கிறன். ஊரிப்பெட்டி ஐயா அனுப்புற சோடி வந்த பிறகு இனத்தைப் பார்ப்பம். மூதூர்வலைத் தம்பி, பார்ப் பக்கம் வலை போடுற நாளில செதில் சிப்பி நூலோட வந்தால், நூலை அறுக்காமல் கல்லோட சேர்த்து ஒரு படம் எடுத்துப் போடுங்கோ.

மூதூர்வலை:
இன்ஷா அல்லாஹ் டீச்சர். வாற கிழமை பார்ப் பக்கம்தான் போறம். ஆழத்தையும் குறிச்சுத் தாறன்.